சிறிய அறைக்கு எந்தக் கட்டில்? வேலூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தச்சுப் பட்டறைக்காக வீடு வீடாகப் போய் அளவெடுப்பது என் வேலை. சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, கொசப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், காட்பாடியில் மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் மாடி அறைகள் என்று எங்கே போனாலும், டேப்பை விரிக்கும் முன்பே கேள்விகள் வந்துவிடுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே வைத்திருக்கிறேன். அளவுகள் அடியிலும் அங்குலத்திலும்தான்; இங்கே தச்சரும் மெத்தைக் கடைக்காரரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

1. எங்கள் படுக்கையறை பத்துக்குப் பத்து. கிங் சைஸ் கட்டில் போட முடியுமா, குயின் போதுமா?

போட முடியும். அதற்குப் பிறகு அறைக்குள் நடக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். குயின் மெத்தை 78க்கு 60 அங்குலம், கிங் மெத்தை 78க்கு 72. கட்டிலின் சட்டமும் தலைப்பலகையும் சேர்ந்தால் நீளத்தில் நான்கு அங்குலம், அகலத்தில் நான்கு அங்குலம் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குயின் கட்டில் 82க்கு 64 ஆகிவிடும். பத்தடி என்றால் 120 அங்குலம். கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மறுபக்கம் 56 அங்குலம் மிஞ்சும். எதிர்ச் சுவரில் நிற்கும் பீரோவுக்கு 20 அங்குலம் போனால் நடக்க மூன்றடி இருக்கிறது. தாராளம். கிங் போட்டால் அந்த மூன்றடி இரண்டடியாகச் சுருங்கும். பீரோக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. அதைத் திறந்தபின் நிற்பதற்கு அரையடி மிச்சம். ஒருவர் துணி எடுக்கும்போது இன்னொருவர் கட்டில்மேல் ஏறித்தான் அந்தப் பக்கம் போக முடியும்.

இன்னொன்று: வரைபடத்தில் பத்தடி என்று போட்டிருப்பது சுவர்ப் பூச்சும் தரையோரத்து டைல்ஸும் போக ஒன்பதே முக்கால் அடிதான் இருக்கும். பத்துக்குப் பத்தில் குயினோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். எட்டுக்குப் பத்து அறையில் குயின் போட்டால் பக்கத்தில் 32 அங்குலம்தான் மிஞ்சும். பீரோ கூடத்துக்குப் போக வேண்டியதுதான்.

2. திவான் கட்டில் நான்கடி அகலம் என்கிறார்கள். கணவன் மனைவி இருவர் படுக்கப் போதாதா?

நான்கடியை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டடி. காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறிய எல்லோருக்கும் அந்த அகலம் தெரியும். ஸ்லீப்பர் பெட்டியின் பெர்த்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓர் இரவுக்குச் சரி, ஆயுசுக்கும் என்றால் யோசியுங்கள். குயினில் ஆளுக்கு இரண்டரை அடி, கிங்கில் மூன்றடி கிடைக்கும்.

தாயும் சிறு குழந்தையும் படுக்கவும், தனியாகப் படுக்கும் பெரியவர் கொஞ்சம் தாராளமாகப் புரளவும் திவான் நல்ல கட்டில். பகலில் கூடத்தில் உட்காரவும் ஆகும். புதுமணத் தம்பதிக்குச் சீராகத் திவான் கொடுப்பவர்களிடம் மட்டும், முடிந்தால் ஓர் அடி கூட்டிக் கொடுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

3. கடைக்குப் போகும் முன் எதையெல்லாம் அளந்துகொண்டு போக வேண்டும்?

பலரும் கட்டிலின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அளக்க வேண்டியது கட்டில் போட்டபின் மிஞ்சும் தரையை. பழைய நாளிதழ்களைக் கட்டிலின் அளவுக்குத் தரையில் பரப்பி, மூலைகளில் ஒட்டிவிட்டு, ஒருநாள் அப்படியே புழங்கிப் பாருங்கள். நிலைக்கதவு முழுதாகத் திறக்கிறதா, பீரோக் கதவு இடிக்கிறதா, உள்பக்கம் திறக்கும் ஜன்னல் தலைப்பலகையில் முட்டுமா, துடைப்பம் எங்கே போகாமல் நிற்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். நாளிதழை மிதிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் கட்டில் பெரிது.

சுவிட்சு போர்டை மறந்துவிடாதீர்கள். கட்டில் வந்தபின் போன் சார்ஜர் செருகும் பிளக் தலைப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வாடிக்கை. மாடிவீடு என்றால் படிக்கட்டின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்; அது எதற்கு என்பது 13ஆம் கேள்வியில் வருகிறது.

4. அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் வாங்கினால் பீரோவே வேண்டாம் என்கிறாரே கடைக்காரர்?

பீரோவில் தினமும் கை வைக்கிறோம். பெட்டிக் கட்டிலைத் தினமும் திறக்க மாட்டீர்கள்; திறக்கவும் கூடாது. மெத்தையைத் தூக்கி, பலகையைத் தூக்கி, புடவை எடுத்து, மறுபடி விரிப்பைச் சரிசெய்து அலுவலகம் போவது எத்தனை நாள் நடக்கும்? விருந்தாளிக்கான தலையணைகள், மார்கழிக் கம்பளி, கொலு பொம்மைகள், விசேஷத்துக்கு மட்டும் வெளிவரும் அண்டா குண்டா, பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள் போன்றவற்றுக்குத்தான் அந்த இடம். பரணில் இருப்பவை கீழே இறங்கும், ஸ்டூல் போட்டு ஏறும் வேலை மிச்சமாகும். அந்த அளவில் பெட்டிக் கட்டில் அருமையான ஏற்பாடு.

திறக்கும் விதம் மூன்று. பக்கவாட்டு டிராயர் சுலபமானது. ஆனால் அதை முழுக்க இழுக்கக் கட்டிலின் பக்கத்தில் இரண்டடி வேண்டும். முதல் கேள்வியில் பார்த்த கிங் கட்டில் அறையில் டிராயரை முழுக்க இழுத்தால் பீரோவில் முட்டும், நிற்க இடமிருக்காது. மேல்பலகையைக் கையால் தூக்கும் வகை விலை குறைவு, முதுகுக்குச் செலவு. ஹைட்ராலிக் வகைக்குப் பக்கத்தில் இடமே வேண்டாம், மேலே தூக்கிக்கொள்ளும். நெருக்கமான அறையில் நான் பரிந்துரைப்பது அதைத்தான், அடுத்த பதிலில் வரும் எச்சரிக்கைகளோடு.

5. ஹைட்ராலிக் சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார்கள். குழந்தையின் கை மாட்டிக்கொள்ளாதா?

உள்ளே இருப்பது நைட்ரஜன் வாயு அடைத்த இரண்டு உருளைகள். காலப்போக்கில் வாயுவின் அழுத்தம் குறையும். முன்பு தானாக ஏறிய பலகைக்கு இப்போது கை கொடுக்க வேண்டியிருந்தால் உருளைக்கு வயதாகிவிட்டது என்று பொருள். கட்டிலை மாற்ற வேண்டியதில்லை. உருளையை மட்டும் கழற்றி, அதன்மேல் அச்சிட்டிருக்கும் அதே எண்ணுள்ளதை வாங்கி மாட்டலாம். ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பலகை கோணிக்கொள்ளும்.

கை மாட்டும் ஆபத்து உண்மைதான். பலகை இறங்கும் கடைசி அரையடியில் வேகம் கூடும். திறந்திருக்கும் கட்டிலுக்குள் ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு வைக்கச் சொல்கிறேன். தச்சருக்கு அது சின்ன வேலை. திறந்த பலகையின் கீழே தலையை நீட்டிச் சாமான் தேடும்போது இன்னொருவர் மேலே பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

6. எங்கள் ஹைட்ராலிக் கட்டிலில் மெத்தையை மாற்றினோம். அதன்பிறகு பலகை மேலே நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. உருளையின் மேல் 800, 1000, 1200 என்று ஓர் எண் இருக்கும். அது நியூட்டன் கணக்கு. 100 நியூட்டன் என்பது ஏறக்குறைய பத்துக் கிலோ எடையைத் தாங்கும் விசை. பழைய ஸ்பாஞ்சு மெத்தையின் எடைக்குப் பொருத்தமான உருளையை மாட்டியிருப்பார்கள். நீங்கள் தேங்காய் நார் மெத்தை போட்டிருப்பீர்கள். அது அதைவிட நல்ல கனம். மெத்தையின் எடையைச் சொல்லி அதற்கேற்ற உருளை கேளுங்கள். நேர்மாறான தொல்லையும் உண்டு: கனத்த உருளைமேல் லேசான மெத்தை போட்டால் பலகை கீழே உட்காராமல் எழும்பிக்கொண்டே இருக்கும்.

7. வேலூர் வெயிலுக்குப் பெட்டிக் கட்டில் சுடாதா?

மே மாதத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இங்கே வழக்கம். சுற்றியிருக்கும் பாறை மலைகளும் தலைக்குமேல் கான்கிரீட் தளமும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில்தான் திருப்பிக் கொடுக்கின்றன. கால் வைத்த கட்டிலின் அடியில் காற்று ஓடும். பெட்டிக் கட்டிலில் ஓடாது. மெத்தையின் அடிப்பக்கம் மூச்சு விடாமல் வியர்வை ஈரத்தை வைத்துக்கொள்ளும். மேல்பலகையில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள், அல்லது முழுப் பலகைக்குப் பதில் ரீப்பர் எனும் மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடியில் வைக்கும் துணிமணிக்கும் அது நல்லது.

கட்டிலைவிட மெத்தைதான் சூட்டுக்கு அதிகக் காரணம். ஸ்பாஞ்சு உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். தேங்காய் நாரிலும் இலவம் பஞ்சிலும் காற்றோட்டம் உண்டு. மாடிவீட்டின் மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை முழுக்க வாங்கும். வேறு வழியிருந்தால் தலைமாட்டை அந்தச் சுவரில் வைக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

8. இரண்டு பிள்ளைகளுக்கும் அடுக்குக் கட்டில் போட்டால் பாதி அறை மிச்சம் ஆகுமே?

ஆகும். தரையை மிச்சப்படுத்துவதில் அடுக்குக் கட்டிலுக்கு இணையில்லை. ஆனால் நம் ஊர் அறைகளின் நடுவில் ஒரு ஃபேன் சுற்றுகிறது. கணக்கைப் பாருங்கள். சாதாரண ஃபேனின் வீச்சு நான்கடி, அதாவது நடுவிலிருந்து இரண்டடி. பத்தடி அறையில் ஃபேனின் நடு சுவரிலிருந்து ஐந்தடி. ஆக இறக்கையின் நுனி சுவரிலிருந்து மூன்றடியில் சுற்றும். மூன்றடி மெத்தை போட்ட கட்டிலின் வெளி விளிம்போ மூன்றடி இரண்டு அங்குலத்தில் இருக்கும். கட்டிலுக்கு மேலேயே இறக்கை வந்துவிட்டது.

இப்போது உயரம். கீழே இருக்கும் பிள்ளை தலை இடிக்காமல் உட்கார வேண்டுமென்றால் மேல் மெத்தை தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதன்மேல் உட்கார்ந்தால் தலை ஏழரை அடியில். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் ஒன்பதடியைத் தொட்டுவிடும். கூரை பத்தடி உயரத்தில் இருந்தாலும் இறக்கை ஒன்பதடியில்தான் சுற்றும். பல வீடுகளில் கூரையே ஒன்பதரை அடி. எனவே அந்த அறையில் நடு ஃபேனைக் கழற்றிவிட்டு, கம்பி வலையிட்ட சுவர் ஃபேன்கள் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று மாட்டுங்கள். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் அடுக்குக் கட்டில் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் வளைந்து கொடுப்பதில்லை.

மேல்கட்டிலின் தடுப்பு, மெத்தை போட்டபின் அதற்கு மேல் குறைந்தது ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை மேலே படுக்க வைக்கக் கூடாது என்பதும் அங்கே கட்டிலிலேயே எழுதி ஒட்டும் எச்சரிக்கை. இரண்டையும் நாமும் பின்பற்றலாம். நான்கு அங்குல மெத்தைக்குச் செய்த தடுப்பில் ஆறு அங்குல மெத்தையைப் போட்டால் தடுப்பு இரண்டு அங்குலம் குள்ளமாகிவிடும். சூடு மேலே ஏறும் என்பதால் கோடையில் மேல்கட்டில்காரர் தரைக்கு இறங்கிவிடுவார், அதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

9. மேல்கட்டில் பயமாக இருக்கிறது. வேறு என்ன வழி?

இழுப்புக் கட்டில். ஒரு கட்டிலின் அடியில் சக்கரம் வைத்த இன்னொரு தாழ்ந்த கட்டில், ராத்திரி இழுத்துக்கொள்வது. ஃபேன் தொல்லை இல்லை, விழும் பயமும் இல்லை. அடிக்கட்டிலுக்கு நான்கு அங்குலத்துக்குமேல் மெத்தை போட முடியாது, போட்டால் உள்ளே போகாது. இழுத்தபின் மூன்றடித் தரை முழுக்க அடைபடும் என்பதையும் நாளிதழ் பரப்பிப் பார்த்துவிடுங்கள். பழைய வீட்டுச் சிமெண்டுத் தரையில் மேடு பள்ளம் இருந்தால் சிறிய சக்கரம் திக்கும். பெரிய ரப்பர் சக்கரமாகக் கேளுங்கள்.

10. சோபா கம் பெட் வாங்கினால் கூடமும் ஆயிற்று, படுக்கையும் ஆயிற்று அல்லவா?

எப்போதாவது வரும் விருந்தாளிக்கு நல்லது. ஒருவர் தினமும் படுக்க நான் சொல்ல மாட்டேன். உட்காரும் மெத்தையும் படுக்கும் மெத்தையும் வேறு வேறு. இரண்டுக்கும் பொதுவாகச் செய்ததில் மடிப்பு விழும் இடம் இடுப்புக்கு நேராக வரும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மரச் சட்டத்தில் முன்னால் இழுக்கும் வகையைப் பாருங்கள். கம்பிச் சட்டம் மூன்றாக மடியும் வகையைவிட அது உழைக்கும்.

மடக்கும் கட்டில், இழுக்கும் கட்டில் எல்லாவற்றையும் பற்றிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. தினமும் காலையில் யார் மடக்குவது? டீப்பாயை நகர்த்தி, விரிப்பைச் சுருட்டி, தலையணையை ஒளித்து வைக்க வேண்டும். அந்த வேலை ஏற்கெனவே அடுப்படியில் நிற்பவர் தலையில் விழுமென்றால், பத்தாம் நாளிலிருந்து சோபா நிரந்தரமாகக் கட்டிலாகவே கிடக்கும். இடமும் மிச்சமில்லை, காசும் போயிற்று. படுப்பவரே மடக்குவார் என்ற வீட்டில் மட்டும் மடக்கும் சாமானை வாங்குங்கள்.

11. சுவரோடு மடங்கி நிற்கும் கட்டில் வீடியோவில் பார்த்தோம். அதை இங்கே செய்ய முடியுமா? நாங்கள் வாடகை வீடு.

செய்ய முடியும். புது விஷயமும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் சிறிய குடியிருப்பில் இருந்த வில்லியம் மர்பி என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கட்டிலுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. பகலில் அலமாரிபோல நிற்கும், ராத்திரி கீழே இறங்கும்.

ஆனால் முழுப் பாரத்தையும் இழுத்துப் பிடிப்பது சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தூண் என்றால் நம்பலாம். அறையை இரண்டாகத் தடுத்த நாலரை அங்குலச் சுவரில் இரட்டைக் கட்டிலை மாட்டாதீர்கள். பழைய பேட்டைகளில் சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்களில் துளை போட்டாலே பொடி கொட்டும், போல்ட்டு பிடிக்காது. அங்கே தரையிலும் பக்கப் பலகைகளிலும் பாரத்தை இறக்கும் சட்டம் செய்ய வேண்டும், செலவு கூடும்.

வாடகை வீட்டில் வேண்டாம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் வீட்டில் ஆணி அடிப்பதற்கே முகம் சுளிக்கும் உரிமையாளர் எட்டுப் பெரிய துளைகளைப் பார்த்தால் முன்பணத்தில்தான் கை வைப்பார். போகும் வீட்டில் அதே அளவு சுவர் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

12. சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வருபவர்களுக்கு மாடியில் ஓர் அறையை விடுகிறோம். நோயாளியோடு இரண்டு பேர் தங்குகிறார்கள். என்ன கட்டில் போடலாம்?

காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். நோயாளிக்கு மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குல உயரமுள்ள தனிக்கட்டில். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். இருபக்கமும் ஆள் நின்று தூக்க வசதியாகச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். இடத்தை மிச்சப்படுத்தும் ஆசையை இந்தக் கட்டிலிடம் காட்ட வேண்டாம்.

உடன் தங்குபவர்களுக்கு நாடா பின்னிய இரும்பு மடக்குக் கட்டில் இரண்டு போதும். பகலில் மடித்துச் சுவரில் சாய்த்துவிடலாம்; ஆட்கள் மாறும்போது நாடாவைக் கழற்றித் துவைக்கவும் முடியும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அடுப்பு வைக்கும் மூலையைக் கட்டில் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. கட்டில் வாங்கிவிட்டோம், படியில் ஏறவில்லை. தெருவில் கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் கட்டிலின் அடியைப் பாருங்கள். நட்டு போல்ட்டு இருந்தால் பிரிக்க முடியும், நான்கு துண்டாக ஏறிவிடும். ஆணியும் பசையும் வைத்து அடித்த பெட்டிக் கட்டில் என்றால் கயிறு கட்டி முன்பக்க மாடி வழியாகத் தூக்க வேண்டும், மின்கம்பி குறுக்கே இல்லாத வீட்டில் மட்டும். இரண்டரை அடி அகலத்தில் திரும்பும் வெளிப்படிக்கட்டு உள்ள வீடுகளுக்கு, மேல்பலகை இரண்டு துண்டாக வரும்படி முன்பே சொல்லிச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் மெத்தையை மடிக்க முடியாது. அதற்கும் இந்த அளவு பொருந்தும்.

14. மரம், இரும்பு, பிளைவுட்: எதில் செய்தால் நல்லது? எங்கள் வீட்டில் கரையான் தொல்லை.

கரையான் வீட்டில் முதல் வாக்கு இரும்புக்கு. தண்ணீர் ஊற்றித் தரை துடைப்பவர்கள் காலுக்கு ரப்பர் குல்லா போட்டால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். புரளும்போது கிறீச்சிடுகிறதென்றால் போல்ட்டு தளர்ந்திருக்கும். வாஷர் போட்டு முறுக்கினால் அடங்கும்.

பெட்டிக் கட்டிலைப் பிளைவுட்டில் செய்பவர்கள் கடையில் ‘303’, ‘710’ என்ற எண்களைக் கேட்பார்கள். இவை இந்தியத் தர நிர்ணய எண்கள். 303 பொதுப் பயன்பாட்டுப் பலகை, 710 தண்ணீருக்குத் தாங்கும் கடற்தரப் பலகை. தரையைத் தொடும் பக்கப் பலகைகளை மட்டுமாவது 710இல் போடுங்கள். துகளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும், மறுபடி சேராது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளில் தரையோடு ஒட்டிய பெட்டிக் கட்டில்கள் வீணாயின. கால் வைத்த கட்டில்கள் காய்ந்து எழுந்தன. தாழ்ந்த பகுதியில் இருப்பவர்கள் பெட்டிக்கும் நான்கு அங்குலக் கால் கேளுங்கள்.

15. வடக்கே தலை வைக்கக் கூடாது என்கிறார் அப்பா. அவர் சொல்கிறபடி போட்டால் கதவு திறக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

அப்பாவோடு வாதாடி இடத்தை மிச்சப்படுத்த முடியாது. கிழக்கு, தெற்கு, மேற்கு என்று இன்னும் மூன்று திசை இருக்கிறது. 3ஆம் பதிலில் சொன்ன நாளிதழை மூன்று திசையிலும் பரப்பிப் பாருங்கள். எதுவும் ஒத்துவரவில்லையென்றால், தலைப்பலகை இல்லாத கட்டிலாக வாங்குங்கள். அதில் தலைமாடு, கால்மாடு என்ற பேதமே கிடையாது, தலையணையை எந்தப் பக்கம் வைக்கிறோமோ அதுதான் தலைமாடு. கொஞ்சம் நீளமும் மிச்சம். பல வீடுகளில் இந்தச் சண்டை இப்படித்தான் தீர்ந்தது.

16. ஒரே அறை, பத்துக்குப் பத்து. நானும் கணவரும், மூன்று வயதுப் பெண், முழங்கால் வலியுள்ள மாமியார். மாமியாருக்குக் கூடத்தில் படுக்க இஷ்டமில்லை. பீரோவும் உள்ளேதான் இருக்க வேண்டும். முடியுமா?

முடியும், கதவு ஒரு மூலையில் இருந்தால். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இழுப்புக் கட்டில். இங்கே அது ஆகாது: ராத்திரி கழிவறைக்கு எழும் பெரியவரின் காலடியில் இன்னொரு கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். குயின் கட்டிலுக்கு எதிரே தனிக்கட்டிலை நேருக்கு நேராகப் போடுவதும் ஆகாது. 120 அங்குலத்தில் 64உம் 38உம் போக நடுவில் ஒன்றரை அடிதான், முழங்காலை மடக்கி இறங்க இடமில்லை.

இரண்டையும் நேராகப் போடாமல் எதிரெதிர்க் கோடிக்குத் தள்ளிப் போடுங்கள். குயின் கட்டிலைக் கதவு இருக்கும் மூலையின் பக்கச் சுவரோடு ஒட்டுங்கள்; அதன் தலைமாடு கதவுக்கு எதிரே உள்ள கோடிச் சுவரில். அது 82 அங்குலத்தில் முடிந்துவிடும். மாமியாரின் கட்டில் எதிர்ப்பக்கச் சுவரோரம், கதவுப் பக்கத்துக் கோடியை ஒட்டி. அவர் கட்டிலின் கதவுப் பக்கப் பாதிக்கு எதிரே இப்போது குயின் கட்டில் இல்லை, மூன்றடி வெறும் தரை இருக்கிறது. அங்கே காலைத் தொங்கவிட்டு, எழுந்து, நேராகக் கதவுக்குப் போய்விடலாம். அதே சுவரில் அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும். மூன்றடி அகலப் பீரோ அதில் நின்றுகொள்ளும்; அதன் முன்னால் மூன்றடி வழியும் இருக்கும். அவர் கட்டிலின் உயரத்துக்கு 12ஆம் பதிலைப் பாருங்கள். பெண் குழந்தை உங்கள் கட்டிலில் சுவர்ப் பக்கம் படுக்கட்டும். சுவருக்கும் மெத்தைக்கும் இடையே சந்து விழாமல் கட்டிலை நன்றாக ஒட்டுங்கள். கதவு நடுச் சுவரில் இருந்தால் இந்த ஏற்பாடு நடக்காது, பீரோவை வெளியே எடுக்காமல் வழியில்லை.

17. கட்டிலே வேண்டாம், பாய் போதும் என்கிறார் பாட்டி. அவர் சொல்வது சரிதானே?

இடக் கணக்கில் பாட்டியை யாரும் வெல்ல முடியாது. வந்தவாசிக் கோரைப் பாயைச் சுருட்டினால் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும், கோடையில் குளிர்ச்சி. குடியாத்தத்தில் தறி ஓடும் வீடுகளில் பகலில் கட்டில் போட ஏது இடம்? முழங்காலும் முதுகும் ஒத்துழைக்கும்வரை பாயில் குறையில்லை. தரையிலிருந்து எழுவதற்கு எதையாவது பிடிக்கத் தேடும் நாள் வந்தால் கட்டில் வாங்கிவிடுங்கள். தரையில் நிரந்தரமாக மெத்தை போடுபவர்கள் தினமும் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

18. தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் இருக்கிறது. பெரிது, உயரம், அறையை அடைக்கிறது. விற்க மனமில்லை. வெட்டிச் சிறிதாக்கலாமா?

அகலத்தைக் குறைப்பதற்கு முன் உயரத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். அந்தக் காலத்துக் கட்டில்கள் பலவற்றில் அடியில் ஒன்றரை அடிக்குமேல் இடம் உண்டு. டிரங்குப் பெட்டிகளோ சக்கரம் வைத்த தாழ்ந்த பலகைப் பெட்டிகளோ தாராளமாகப் போகும். பெட்டிக் கட்டிலின் பயன் வெட்டாமலே வந்துவிடும், காற்றும் ஓடும்.

அப்படியும் இடம் போதவில்லையென்றால், கடைந்த கால்களையும் தலைப்பலகையையும் தொடாமல் குறுக்குச் சட்டங்களை மட்டும் குறைக்கும் தச்சரிடம் கொடுங்கள். குறைக்கும் முன் எந்த மெத்தை போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நீளம் 72, 75, 78 என்றும் அகலம் 36, 48, 60, 72 என்றும்தான் கடையில் பெரும்பாலும் தயாராகக் கிடைக்கும். சட்டத்தின் உள்ளளவு அதைவிட அரை அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். வெட்டிய தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பூஜை அலமாரிக்குக் கதவுச் சட்டம் ஆகும்.